பூச்சிபொட்டு

இருட்டிவிட்டால் எங்கள் வீட்டில் பாம்பு என்ற சொல்லே கிடையாது. அத்தை 'பூச்சி' என்பார். "வெளக்க எடுத்துக்கினு போம்மா, பூச்சிபொட்டு கெடக்கும்." கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் புத்தி இதுதான். பெயரைச் சொன்னால் வந்துவிடுமாம். நான் பெயரைச் சொன்னதே இல்லை. ஆனாலும் வந்தது.

போன சித்திரையில் ஒரு சாயங்காலம். மதுராந்தகம் பக்கம் ஏரிப் பாசனக் கிராமம் எங்களுடையது. வீட்டுக்குப் பின்னால் கொல்லை, அதன் கோடியில் கோழிக்கூண்டு. பதினோரு கோழிகள், ஒரு சேவல். மூலையில் பழைய கூடையில் வைக்கோல் பரப்பி முட்டையிட விட்டிருந்தோம். பார்க்காமல் கையை விட்டேன். முட்டை தட்டுப்படவில்லை. வழவழவென்று, மணிக்கட்டுப் பருமனில் ஏதோ ஒன்று. பாம்பு ஈரமாக இருக்கும் என்றே அதுவரை நினைத்திருந்தேன். இது உலர்ந்திருந்தது. விரல்களுக்கு அடியில் மெல்ல இறுகி நகர்ந்தது.

நான் கத்திய கத்தலில் தெருவே வந்துவிட்டது. நாலைந்து பேர் கம்போடு வந்தார்கள். வந்த வழியே அதனால் திரும்ப முடியவில்லை. கம்பிவலையின் ஓட்டையில் பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே. நான்கு முட்டைகளை விழுங்கியிருந்தது. அந்த நான்கு மேடுகளும் ஓட்டையில் சிக்கிக்கொண்டன. அப்படியே அடித்தார்கள். நல்லபாம்பு என்றார்கள். ஆறடிக்கு மேல் இருந்தது.

அது நல்லபாம்பு இல்லை, சாரை என்பது எனக்குத் தெரிய மூன்று மாதம் ஆயிற்று.

*

ஒன்பது நாள் கூண்டுப் பக்கம் போகவில்லை. கொல்லையில் துணி காயப்போடக்கூட என் கணவரைத்தான் அனுப்பினேன். சோற்றுப் பானைக்குள் கரண்டி விடும்போது கை நடுங்கியது. தலைமாட்டில் கிடந்த கயிற்றைப் பார்த்து ஒரு நாள் விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்தேன். படை நடுங்கும் என்று பழமொழி சொல்லும்போது அதை ஏதோ பேச்சுக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டிருந்தேன். உடம்பு அப்படி நடுங்கும் என்று அன்றுதான் கண்டேன்.

*

இந்தப் பயம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். என்னை எந்தப் பாம்பும் கடித்ததில்லை, துரத்தியதில்லை. நினைவில் இருப்பது ஒரே ஒரு காட்சி. எனக்கு நாலைந்து வயது. கிணற்றடியில் அம்மா துணி துவைத்துக்கொண்டிருக்கிறார். திடீரென்று அவர் முகம் மாறுகிறது. வாய் திறந்தபடி, சத்தம் வராமல். பிறகு என்னை அள்ளிக்கொண்டு ஓடுகிறார். பாம்பை நான் பார்க்கவே இல்லை. அது எந்த நிறம் என்றுகூடத் தெரியாது. அம்மாவின் முகம் மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

சூசன் மினேகா என்ற உளவியலாளர் 1980களில் அமெரிக்காவில் ரீசஸ் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வுகளைப் பற்றிப் பிறகு படித்தேன். ஆய்வுக்கூடத்திலேயே பிறந்து வளர்ந்த குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டால் பயமில்லை. காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்பைப் பார்த்து மிரள்வதைச் சில நிமிடங்கள் பார்க்கவிட்டார்கள். அவ்வளவுதான், இவையும் மிரளத் தொடங்கின. மூன்று மாதம் கழித்தும் அந்தப் பயம் போகவில்லை. இன்னொன்றும் செய்தார்கள். ஒரு குரங்கு பூவைப் பார்த்துப் பயப்படுவதுபோல் படத்தை வெட்டி ஒட்டிக் காட்டினார்கள். பூவுக்குப் பயப்பட அவை கற்றுக்கொள்ளவில்லை. பாம்புக்குப் பயப்பட உடம்புக்குள் ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது, அதை நிரப்புவது பக்கத்திலிருப்பவரின் முகம் என்று நான் புரிந்துகொண்டேன்.

*

வைகாசி. எலி.

சாரையை அடித்த அடுத்த மாதம் கூண்டைச் சுற்றி எலி அதிகமாயிற்று. தவிட்டு மூட்டையின் அடியைக் கடித்து வைத்திருந்தது. இரண்டு குஞ்சுகளைக் காணவில்லை. மூன்றாவது குஞ்சு கால் கடிபட்டுக் கிடந்தது. அத்தைதான் சொன்னார்: "அது இருந்த வரைக்கும் இதுங்க அடங்கிக் கெடந்துச்சு." அடித்தவர்களோடு நின்று பார்த்தவர்தான் அத்தையும். ஆனாலும் அதைச் சொல்லும்போது அவர் குரல் இறங்கியிருந்தது.

*

எங்கள் பக்கம் அறுவடைக்குப் பிறகு இருளர்கள் வயலில் எலி வளை வெட்ட வருவார்கள். வரப்பைத் தோண்டி எலியைப் பிடிப்பார்கள். எலி வளைக்குள் சேர்த்து வைத்த நெல்லும் அவர்களுக்குத்தான். அப்படி வரும் ஒரு அண்ணனை எலிக்காகக் கொல்லைக்குக் கூப்பிட்டோம். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கூண்டைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். குனிந்தார், மண்ணைத் தடவினார், ஓலைக் குவியலைப் புரட்டினார். கால் மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகு, "ஏம்மா, நீங்க பாம்புக்கு விருந்து வெச்சிருக்கீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, இடத்தைச் சுட்டிச் சுட்டிச் சொன்னார். சிந்திய நொய். கிழிந்த தவிட்டு மூட்டை. சுவரோரம் அடுக்கிய செங்கல், அதற்குள் எலி வளை. காய்ந்த தென்னை மட்டைக் குவியல். கூண்டுக்கு அடியில் தண்ணீர் சிந்தி எப்போதும் ஈரம், அங்கே தவளை. பக்கத்தில் வைக்கோல் போர். "தீனிக்கு எலி வருது. எலிக்குப் பாம்பு வருது. முட்டை அதுக்கு நடுவுல கெடைச்ச பண்டம்."

எனக்கு அன்றுவரை பாம்பு என்றால் எங்கிருந்தோ என்னைத் தேடி வருவது. அது என் வீட்டுக் கதவைத் தட்டவில்லை, எலியின் கதவைத் தட்டியது என்று அன்று தெரிந்தது. அதன்பிறகு செய்ய வேலை இருந்தது. பயத்தோடு சும்மா உட்கார்ந்திருப்பதைவிட, கையில் மண்வெட்டியோடு பயந்துகொண்டிருப்பது எவ்வளவோ தேவலை.

*

கூண்டு வேலை. செலவுக் கணக்கு நோட்டிலிருந்து.

பழைய கூண்டு தரையோடு தரையாக இருந்தது. புதிதாக இரண்டரை அடி உயரக் கால் வைத்தோம். அடியில் வெளிச்சம் இருக்க வேண்டும், குனிந்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். அடித் தரையில் கூடையோ சாக்கோ எதுவும் கிடக்கக்கூடாது.

வலை. கடைக்காரர் எப்போதும் தருவது அறுகோணக் கோழிவலை. அது கோழி வெளியே போகாமல் காக்கும், அவ்வளவே. அந்த ஓட்டையில் குட்டிப்பாம்பு தாராளமாக நுழையும், ஓரளவு வளர்ந்ததும் நுழையும். தலை நுழைந்தால் உடம்பு நுழையும். அரை அங்குலச் சதுர ஓட்டை உள்ள வெல்டு மெஷ் கேட்டு வாங்கினோம். கூடுதல் விலைதான். கோழிகள் பகலில் உலவும் அடைப்புக்கு வலையின் அடிப்பாகத்தை ஒரு அடி ஆழம் மண்ணுக்குள் இறக்கினோம், எலி அடியில் குடையாமல் இருக்க.

கதவு. எல்லாரும் வலையைப் பார்ப்பார்கள், கதவின் கீழிடுக்கைப் பார்ப்பதில்லை. எங்களுடையதில் ஒரு விரல் நுழைந்தது. தச்சர் ஒரு சட்டம் அடித்துக் கொடுத்தார். (இது போதவில்லை. பின்னால் எழுதுகிறேன்.)

தீவனம் தகர டிரம்முக்குள், மூடி போட்டு. சாயங்காலம் கோழி அடைந்ததும் மிச்சத் தீனியைக் கூட்டி அள்ளிவிட வேண்டும். முட்டையை ராத்திரி கூட்டில் விடக்கூடாது, நாலு மணிக்குள் எடுத்துவிட வேண்டும். கையை விடும் முன் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி ஒன்றை மட்டும் நான் மறந்ததே இல்லை.

செங்கல்லை அடுக்கிய இடத்திலிருந்து அகற்றிய அன்று அண்ணன் கூட இருந்தார். எலி வளைகளில் ஓட்டாஞ்சில்லும் சிமெண்டும் போட்டு அடைத்தோம். வைக்கோல் போரைத் தெருப்பக்கம் மாற்றினோம். கூண்டைச் சுற்றி ஆளுயரத் தூரத்துக்குப் புல் இல்லாமல் செதுக்கி வைத்திருக்கிறோம். வெட்டவெளியைக் கடக்கப் பாம்புக்குத் தயக்கம் உண்டு.

*

வாசலில் ஆகாச கருடன் கிழங்கு தொங்குகிறது. அத்தை கட்டியது. கொல்லையில் சிறியாநங்கை வைத்திருக்கிறார், வெள்ளிக்கிழமை பூண்டு நசுக்கிக் கரைத்துக் கூண்டைச் சுற்றித் தெளிப்பார். நான் எதையும் எடுக்கச் சொல்லவில்லை. ஆனால் சாரை நுழைந்த நாளிலும் கிழங்கு அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. பூண்டு வாசம் இரண்டு மழைக்குத் தாங்காது. பினாயில், அந்துருண்டை, கந்தகம் என்று ஊரில் சொல்லாத சரக்கு இல்லை. அந்துருண்டை கோழிக்கும் குழந்தைக்கும் கேடு, அதை மட்டும் கறாராக வேண்டாம் என்றேன். கிழங்கு இருக்கட்டும். அதைக் கட்டுவதில் அத்தைக்கு ஒரு நிம்மதி இருக்கிறது. டிரம் மூடியை அழுத்தி மூடுவதில் எனக்கு ஒன்று.

*

ஆனியில் வடநெம்மேலி போனோம். மாமல்லபுரத்துக்குப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. 1978இல் தொடங்கியது. அதற்கு முன்பு இருளர்கள் பாம்பைத் தோலுக்காகப் பிடித்து விற்று வந்தார்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்து, தோல் வியாபாரம் நின்றபோது, கையில் இருந்த வித்தைக்கு வேலை இல்லாமல் போயிற்று. பிடிக்கலாம், கொல்ல வேண்டாம், விஷத்தை எடுத்துவிட்டுத் திரும்ப விடலாம் என்ற வழியைப் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் இருளர்களும் சேர்ந்து உண்டாக்கினார்கள்.

பாம்புகளை மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டியிருக்கிறார்கள். வரிசையாகப் பானைகள். பொங்கலுக்கு வாங்கி அடுக்கியதுபோல. ஒவ்வொரு பானையிலும் ஒன்று மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது என்ற நினைப்பில் முதல் பத்து நிமிடம் வாசலிலேயே நின்றேன். பிறகு இரண்டு படி இறங்கினேன். பிறகு சுவரோரம். மதியம் ஆவதற்குள் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றி நின்றிருந்தேன்.

ஊழியர் ஒருவர் பானையைச் சாய்த்து நல்லபாம்பை வெளியே எடுத்தார். படமெடுத்தது. அவர் அவசரப்படவில்லை. பாம்பும் அவசரப்படவில்லை. கண்ணாடிக் கோப்பையின் வாயில் கட்டிய ஜவ்வைக் கடிக்க வைத்து விஷத்தை இறக்கினார். மஞ்சளாக, கொஞ்சம்தான். சில வாரங்கள் வைத்திருந்து சில முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலில் அடையாளம் இட்டுக் காட்டில் விட்டுவிடுவார்களாம், அதையே மறுபடி பிடித்துவிடாமல் இருக்க. அந்த விஷம் மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது. அங்கே குதிரைக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அதன் ரத்தத்திலிருந்து நஞ்சுமுறி மருந்து எடுக்கிறார்கள். நாட்டில் எங்கோ ஒரு ஆஸ்பத்திரியில் ஒருவர் கண் திறப்பதற்கு இந்த மண்பானையும் ஒரு காரணம்.

இந்த இருளர் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர்கள். செய்தி வந்தபோது படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். எங்கள் வரப்பில் எலி வெட்டும் அண்ணனிடம் இருப்பதும் அதே கண்தான் என்று அப்போது தோன்றவில்லை. அவர் வீட்டுக்கு இன்னும் பட்டா இல்லை. இதை எழுதாமல் விட மனம் ஒப்பவில்லை.

*

ஆளைக் கொல்லும் அளவுக்கு நம் பக்கம் கடிப்பவை பெரும்பாலும் நான்கு. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நம் நஞ்சுமுறி மருந்தும் இந்த நான்குக்கானதுதான். கூண்டுப் பக்கம் வரக்கூடிய மற்றவை, சாரை, தண்ணீர்ப்பாம்பு, கொம்பேறிமூக்கன், வெள்ளிக்கோல் வரையன், மண்ணுளி, இவற்றால் உயிருக்கு ஆபத்தில்லை. கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறி நின்று புகை வருகிறதா என்று பார்க்கும் என்று சின்ன வயதில் கேட்டு எத்தனை நாள் தூங்காமல் கிடந்திருக்கிறேன். அது ஓணான் தின்னும் சாது.

பேர் தெரியத் தெரிய பயம் துண்டு துண்டாகக் கழன்றது. சாரைக்குப் பெரிய கண், உதட்டுச் செதில்களில் கறுப்புக் கோடுகள், கழுத்து ஒல்லி. பின்பாதியில் கறுப்பு வரி. பகலில் நடமாடும். நல்லபாம்பு படம் எடுக்காதபோது இரண்டையும் குழப்பிக்கொள்வது எளிது. அன்று வந்தவர்கள் அப்படித்தான் குழப்பிக்கொண்டார்கள்.

கட்டுவிரியனும் வெள்ளிக்கோல் வரையனும் இன்னும் சிக்கல். இரண்டும் ராத்திரியில் வரும், இரண்டுக்கும் வெள்ளைப் பட்டை. கட்டுவிரியன் பளபளக்கும் கறுப்பு, பட்டைகள் இரட்டை இரட்டையாக, கழுத்துப் பக்கம் மங்கி, வால் பக்கம் தெளிவாக இருக்கும். வரையனுக்குத் தலைகீழ்: கழுத்துப் பக்கம் தெளிவு, வால் பக்கம் மங்கல், நிறம் பழுப்பு. சுவரில் ஏறும். புத்தகத்தில் எளிது. டார்ச் வெளிச்சத்தில், நெஞ்சு படபடக்கும்போது எளிதில்லை. அதனால் பட்டை போட்ட எதையும் கட்டுவிரியனாகவே வைத்துக்கொண்டு விலகிவிடுவேன். கண்ணாடி விரியனுக்கு உடம்பில் சங்கிலி கோத்ததுபோல் வட்டங்கள், சீறினால் குக்கர் விசில் மாதிரி. அதை ஒரு முறை வைக்கோல் போரில் கேட்டிருக்கிறேன். கேட்ட இடத்திலிருந்தே திரும்பி நடந்தேன்.

*

ஒரு நாள், வரப்பில் 'சாரையும் நாகமும் பின்னுது' என்று ஓடி வந்து சொன்னார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. பெண்கள் புதுத்துணி போட வேண்டும் என்றார்கள், அந்தத் துணியைப் பிறகு பெட்டியில் வைத்தால் செல்வம் பெருகுமாம். நான் தூரத்தில் நின்று உதட்டையும் வாலையும் பார்த்தேன். இரண்டும் சாரை. இரண்டும் ஆண். பெண்ணுக்காக, இடத்துக்காக ஒன்றையொன்று தரையில் அழுத்தப் பார்க்கும் மல்யுத்தம் அது. கடிக்கவே இல்லை. முக்கால் மணி நேரம் நடந்தது. இவ்வளவு அழகான ஒன்றை இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கொண்டு கடந்திருக்கிறேன் என்று வருத்தமாக இருந்தது.

*

ஆடி. வலை.

கூண்டு வேலை முடியும் முன் காபந்துக்காக என் கணவர் பழைய நைலான் மீன்வலையைச் சுற்றிக் கட்டியிருந்தார். எடுக்க மறந்துவிட்டோம். காலையில் அதில் ஒரு சாரை. உடம்பு நாலைந்து கண்ணிகளுக்குள் போய், முன்னால் போகவும் முடியாமல் பின்னால் வரவும் முடியாமல், நரம்பு தோலை அறுத்துச் செதில் பிரிந்து கிடந்தது. பாம்புக்குப் பின்னால் நகரத் தெரியாது என்பதுபோலவே முட்டி முட்டி இறுக்கிக்கொண்டிருந்தது. வெயில் ஏறினால் செத்துவிடும்.

அண்ணனுக்குப் போன் போட்டார் அவர். அண்ணன் வந்து முதலில் உதட்டைப் பார்த்தார், சாரைதான் என்று சொன்னார், ஈரச் சாக்கைத் தலையில் போட்டு மூடி, சாக்கோடு கழுத்தைப் பிடித்துக்கொண்டார். இருட்டானதும் அது அடங்கியது. "ரெண்டு கையும் எனக்கு மாட்டிக்கிச்சும்மா. யாராச்சும் கத்தரிக்கோல் போடுங்க."

என் கணவர் வயலுக்குக் கிளம்பிவிட்டிருந்தார். அத்தைக்குக் கிட்டத்தில் கண் சரியாகத் தெரியாது. நான் இருந்தேன்.

நகம் வெட்டும் சின்னக் கத்தரிக்கோல்தான் நரம்புக்கும் தோலுக்கும் நடுவில் நுழைந்தது. முதல் கண்ணியை வெட்டும்போது என் கை ஆடிய ஆட்டத்தில் அண்ணன், "மெதுவா, மெதுவா, அது எங்கியும் போவாது" என்றார். என்னிடம் சொன்னாரா அதனிடமா என்று தெரியவில்லை. மூன்றாவது கண்ணிக்கு உடம்பை இடது கையால் தூக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. பிடித்தேன். சித்திரையில் தொட்ட அதே உலர்ந்த வழவழப்பு. உள்ளே மூச்சு போய்வந்தது கைக்குத் தெரிந்தது. விலா எலும்புகள் ஒவ்வொன்றாக விரலுக்கு அடியில் விரிந்து சுருங்கின. பன்னிரண்டு இடத்தில் வெட்டினேன். எண்ணிக்கொண்டே வெட்டியதால் நினைவிருக்கிறது.

ஓடைப் பக்கம் கொண்டுபோய் விட்டார். சாக்கை எடுத்ததும் ஒரு கணம் தலையைத் தூக்கி நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டுப் புல்லுக்குள் போயிற்று. நான் வீட்டுக்கு வந்து அழுதேன். எதற்கு என்று சொல்லத் தெரியவில்லை. சித்திரையில் செத்ததற்காகவும் இருக்கலாம். அன்றே மீன்வலையைக் கொளுத்திவிடாமல் சுருட்டிப் பரணில் போட்டோம். கோழிக்கூண்டுக்கோ தோட்டத்துக்கோ நைலான் வலை கட்டியிருப்பவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன். தெரிந்தவர் இல்லாமல் இருந்திருந்தால் நான் அதைத் தொட்டிருக்க மாட்டேன். இனியும் தொடமாட்டேன்.

*

தெருவில் ஒரு பையன், பன்னிரண்டு வயது. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தான். விடியற்காலை நாலு மணிக்கு வயிற்றுவலி என்று எழுந்தான். முதல் நாள் சாப்பிட்ட பரோட்டா என்று நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். அரை மணியில் இமை தொங்கியது, பேச்சு குழறியது. அவன் பெரியம்மா ஒருவர்தான் "கண்ணு சொருவுது, இது பூச்சி" என்று கத்தி 108க்குச் சொன்னவர். கடித்த இடம் தேடினாலும் தெரியவில்லை. கட்டுவிரியன் கடி அப்படித்தான், வலி இருக்காது, வீக்கம் இருக்காது. அரசு மருத்துவமனையில் மூச்சுக்கருவி வைத்து மூன்று நாள். பிழைத்தான். இப்போது சைக்கிள் ஓட்டுகிறான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தரையில் படுப்பவர்களுக்குக் கொசுவலை, ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகி. கொசுவுக்கு மட்டுமில்லை அது.

2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஆண்டுக்குச் சராசரி 58,000. பெரும்பாலும் கிராமம், பெரும்பாலும் மழைக்காலம். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. தனியார் ஆஸ்பத்திரியும் கடி பற்றி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். கணக்கு வந்தால்தான் மருந்து வரும். நல்ல காரியம்.

அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்திருப்பது: இறுக்கிக் கட்டு போடாதே. கீறாதே. உறிஞ்சாதே. மோதிரம், மெட்டி, கொலுசு, வளையல் கழற்று, வீங்கினால் வராது. கடிபட்ட கையையோ காலையோ பலகை வைத்து அசையாமல் தளர்வாகக் கட்டு. நடக்க விடாதே. 108. பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகாதே, டாக்டருக்கு அது தேவையில்லை. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று அவர்களே பார்ப்பார்கள். கீழே, நஞ்சுமுறி மருந்து எப்போதும் இருக்கும் ஆஸ்பத்திரி எது என்று விசாரித்து எழுதியிருக்கிறேன். கடித்த பிறகு விசாரிக்க நேரம் இருக்காது.

*

ஐப்பசி. மழை பிடித்து நாலாம் நாள்.

ராத்திரி ஒன்பது மணிக்குச் சேவல் கத்தியது. பூனைக்குக் கத்துவது வேறு, இது வேறு. டார்ச், முழங்கால் பூட்ஸ், கம்பைத் தரையில் தட்டிக்கொண்டு போனோம். கதவின் அடிச்சட்டம் மழையில் ஊறி நெளிந்து இடுக்கு விட்டிருந்தது. உள்ளே அடைக்கோழிப் பெட்டிக்கு முன்னால் நல்லபாம்பு, படமெடுத்தபடி. இந்த முறை எனக்குச் சந்தேகமே இல்லை.

கத்தவில்லை. மகள் பாப்பாவை அத்தையிடம் விட்டுவிட்டு, 101க்கு என் கணவர் பேச, நான் பத்தடி தள்ளி நின்று டார்ச்சை அதன்மேலேயே வைத்திருந்தேன். கண்ணை எடுத்தால் எங்கே போயிற்று என்று தெரியாது. ராத்திரி முழுக்க எல்லாரும் நடுங்க வேண்டியதுதான். அண்டை வீட்டார் கம்போடு வந்தார்கள். "அடிக்க வேணாம், ஆள் வருது" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. தீயணைப்பு நிலையத்திலிருந்து வர நாற்பது நிமிடம். அத்தனை நேரமும் பயம் இருந்தது. முதுகில் வியர்வை ஓடியது. ஆனால் கால் நின்ற இடத்தில் நின்றது.

நீளக் கொக்கியால் எடுத்துப் பையில் போட்டுக் கொண்டுபோனார்கள். பிறகுதான் அடைக்கோழியைப் பார்த்தோம். பெட்டியை விட்டு எழுந்திருக்கவில்லை, அதன்மேலேயே தலை சாய்ந்து கிடந்தது. பெருவிடைக் கோழி, மூன்று வருஷம் எங்களோடு இருந்தது. அடையில் பதினெட்டாம் நாள். பதினோரு முட்டையில் ஒன்பது மிச்சம், இன்னும் சூடாக இருந்தன.

பக்கத்து வீட்டில் ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்திருந்தது. அந்த ராத்திரியே, மழையில், முறத்தில் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு ஓடினேன். இருபத்தோராம் நாள் ஆறு குஞ்சு பொரித்தது.

கதவின் அடிச்சட்டத்தை இப்போது தகரத்தில் மாற்றியாயிற்று.

*

தை மாதம். பனி இறங்கிய காலை, ஒன்பது மணி வெயில். கூண்டின் தெற்குப் பக்கம் கொட்டிய மணல்மேல் ஒன்று நீட்டிப் படுத்து வெயில் காய்ந்துகொண்டிருந்தது. பாப்பாதான் முதலில் பார்த்தாள், முட்டைக் கூடையோடு எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தாள். நின்றாள். அடுத்து அவள் பாம்பைப் பார்க்கவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

எட்டிப் போய் அவள் தோளைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

"சாரை" என்றேன். "இங்கேருந்தே பாரு. வால் பக்கம் வரி தெரியுதா?"

"தெரியுது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "உதட்டுல கோடு இருக்கும்னு சொன்னியே, அது தெரியல."

"அதுக்குக் கிட்டப் போவணும். வேணாம்."

உட்கார்ந்திருந்தோம். வெயில் ஏறியதும் அது எழுந்து வேலிப் பக்கம் போயிற்று. பிறகு டார்ச் அடித்துப் பார்த்து, ஏழு முட்டை எடுத்தோம்.